உத்தரியக் கயிற்றில் தொங்கிய சாவி

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று என் மாமியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. "கையெழுத்துப் போடுற வேலை" என்று சொல்லிவைத்திருந்தேன். "கையெழுத்து போட்டா சம்பளமா? அப்ப நீ தாசில்தாருக்கு மேலடி" என்பாள். அது கேலியா பெருமையா என்று பிரிக்க முடியாது. பாகூர்ப் பக்கம் கரும்பு வைக்கிற குடும்பத்துக்கு வாக்கப்பட்ட எனக்கு, அதற்கு மேல் விளக்கம் சொல்லப் பொறுமையும் இல்லை, அனுமதியும் இல்லை.

வேலை சென்னையில் இருந்த சின்னதொரு கிரிப்டோ வர்த்தகத் தளத்துக்கு. ஜனங்கள் போனில் ஆப்பைத் திறந்து காயின் வாங்குவார்கள், விற்பார்கள். வாங்கியது தங்கள் போனுக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். போனில் தெரிவது வெறும் எண்ணிக்கை. அந்தக் காயினை அசைக்கிற ரகசியச் சாவி கம்பெனியிடம்தான் இருந்தது. சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, யாராலும் மனப்பாடம் செய்ய முடியாத நீளத்துக்கு ஓர் எண். அது எவன் கையில் கிடைக்கிறதோ, காயின் அவனுடையது. தொலைந்தால் தொலைந்ததுதான். கணக்கை எழுதிவைக்கிற உலகத்துக் கம்ப்யூட்டர்களிடம் போய் அழுது புரண்டு காரியமில்லை.

அதனால் கடைக் கல்லாவில் சில்லறை வைப்பதுபோல, தினமும் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சத்தை மட்டும் இணையத்தோடு இணைந்த கணக்கில் வைத்திருந்தோம். மீதி எல்லாம் இணையத்தில் இல்லாத சாவிகளின் காவலில் இருந்தது. அங்கிருந்து ஒரு காயினை எடுக்க வேண்டுமானால் நான்கு பேரில் மூன்று பேராவது கையெழுத்துப் போட வேண்டும். அந்த நான்கு பேர்: முதலாளி, அவருடைய பார்ட்னர், நான், அண்ணன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பழைய கம்பெனியில் எனக்கு மூத்தவராக இருந்தார், அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். வில்லியனூருக்கு அந்தாண்டை ஒரு மாதா கோயில் ஊர் அவருக்கு. கொரோனாவில் சென்னையிலிருந்து திரும்பியவர் வீட்டின் பின்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார். பிறகு அந்த அறையை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னை இந்த வேலைக்கு இழுத்துவிட்டவரும் அவர்தான்.

ஆளுக்கொரு கருவி கொடுத்திருந்தார்கள். கட்டைவிரல் அளவு, நகம் அளவுக்குத் திரை, இரண்டு பொத்தான். சாவி அதற்குள்ளேயே பிறக்கும், அதற்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. இன்ன முகவரிக்கு இவ்வளவு காயின் போக வேண்டும் என்ற கட்டளையை உள்ளே அனுப்பினால், உள்ளேயே கையெழுத்தாகி, கையெழுத்து மட்டும் வெளியே வரும். பத்திர ஆபீசில் கைநாட்டு வைக்கிறவர் விரலையா வெட்டிக் கொடுத்துவிட்டு வருகிறார், ரேகையைத்தானே கொடுத்துவிட்டு வருகிறார். அதேதான். கருவியைத் திறக்க ஒரு பின் நம்பர் உண்டு. மூன்று முறை தப்பாக அடித்தால் கருவி தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். திருடனிடம் சிக்கினால் பிரயோஜனப்படக் கூடாது என்று அந்த ஏற்பாடு. ஒருவர் நம்பரை இன்னொருவர் அறியக் கூடாது. கருவி கெட்டுப்போனால் சாவியை மீட்க இருபத்து நான்கு சொற்களை எஃகுத் தகட்டில் குத்தி எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். எங்கே என்று புருஷன் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லக் கூடாது. விதிகளை எழுதியவனுக்குக் குடும்பம் இருந்திருக்காது என்று நான் அப்போதே சொன்னேன்.

கையெழுத்துப் போடும் நாளில் அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். போனில் பேசிக்கொண்டே, போகிற முகவரியை எழுத்தெழுத்தாக ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்ட வேண்டும். ஏனென்றால் லேப்டாப் திரை பொய் சொல்லும். இடையில் புகுந்த கள்ளன் திரையில் ஒரு முகவரியைக் காட்டிவிட்டுக் கருவிக்கு வேறொன்றை அனுப்புவான். கருவியின் குட்டித் திரையில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும். முதலாளி முதல் நாலெழுத்தும் கடைசி நாலெழுத்தும் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கிவிடுவார். அண்ணன் விடமாட்டார். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாசிப்பார், என்னைத் திருப்பி வாசிக்கச் சொல்வார். "பி ஃபார் பாகூர், ஏழு, எஃப் ஃபார் ஃபாதர், சைபர்..." நான் அலுத்துக்கொண்டால், "இன்னாம்மா, அடுத்தவன் காசு. தூங்கிக்கினே படிக்காத" என்பார்.

விதிப்படி கருவி பெட்டகத்தில் இருக்க வேண்டும். அவர் வீட்டில் பெட்டகம் ஏது? பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓரத்தை உருக்கி ஒட்டி, கழுத்தில் கிடந்த உத்தரியக் கயிற்றிலேயே கோத்துக்கொண்டார். கையெழுத்து நாளில் உறையைக் கிழிப்பார், முடிந்ததும் புதிய உறை போடுவார். உத்தரியம் என்பது மாதாவின் பேரால் மந்திரித்துப் போட்டுக்கொள்ளும் பழுப்புக் கம்பளித் துண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு செத்தவர் நரகத்துக்குப் போவதில்லை என்று அவர்கள் ஊரில் நம்பிக்கை. "பேங்க் லாக்கரக்கூட ஒடைப்பான். இத எவனும் கழட்ட மாட்டான்" என்று ஒருமுறை சட்டைப் பொத்தானைத் திறந்து காட்டினார். சொன்னது அப்படியே பலித்தது.

இதற்கிடையில் முதலாளிக்கும் பார்ட்னருக்கும் முட்டிக்கொண்டது. பார்ட்னர் வெளிநாட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, இனி எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன், வக்கீல் மூலம்தான் பேசுவேன் என்றார். அண்ணன் அப்போதே சொன்னார்: "நாலுல ஒண்ணு போயிடுச்சு. நாம மூணு பேரும் நல்லா இருக்கும்போதே காயினையெல்லாம் புதுக் கணக்குக்கு மாத்தி, புது ஆளுங்களச் சேத்துடலாம் சார். ஒரு மத்தியான வேலை." முதலாளி, "மார்க்கெட் கொஞ்சம் செட்டில் ஆகட்டும்" என்றார். மறுபடி கேட்டபோது, "ஆடிட் முடியட்டும்" என்றார். ஒத்திப்போடுவதற்குக் காரணம் கண்டுபிடிக்கிற சாமர்த்தியத்தில் பாதியைக் கம்பெனி நடத்துவதில் காட்டியிருந்தால் இன்று நான் இதை எழுத வேண்டியிருக்காது.

ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கரிக்கலாம்பாக்கம் வழியாக ஸ்கூட்டரில் அழுதுகொண்டே போனேன். பெட்டியில் வெள்ளை வேட்டி சட்டையில், கழுத்துவரை பொத்தான் போட்டு, விரல்களில் ஜெபமாலை சுற்றி வைத்திருந்தார்கள். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது முதலாளியின் போன் வந்தது. "டிவைஸை கலெக்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். எழவு வீட்டில் போய் ஆபீஸ் சாமானைக் கேட்கிற அளவுக்கு நான் இன்னும் முன்னேறவில்லை.

மூன்றாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் தேடினோம். குளிப்பாட்டும்போது கழுத்திலிருந்து கழற்றி எங்காவது வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பின்னறையில் இல்லை. பீரோவில் இல்லை. எஃகுத் தகட்டுக்காகப் பரண், மாட்டுக்கொட்டாய், மோட்டார் கொட்டாய் எல்லாம் அலசிப் பார்த்தாயிற்று, அதுவும் இல்லை. உபதேசியார்தான் விஷயத்தைச் சொன்னார். சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிற பெரியவர் அவர், அண்ணனைக் குளிப்பாட்டியதும் அவர்தான்.

"உத்தரியக் கயித்துல ஒரு பொட்டி தொங்கிச்சும்மா. கண்ணாடி வெச்சி, சின்னதா. அருளிக்கம்னு நெனச்சோம்."

அருளிக்கம் என்றால் புனிதர்களின் எலும்புத் துணுக்கையோ துணியையோ கண்ணாடி போட்ட சிமிழில் வைத்திருப்பது. அவ்வளவு பக்தியான ஆள் கழுத்தில் வேறென்ன இருக்கும்? குளிப்பாட்டியவர்கள் ஒவ்வொருவராக அதை முத்தி செய்திருக்கிறார்கள், அதாவது உதட்டில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். பிறகு உத்தரியத்தைக் கழற்றக் கூடாது என்ற வழக்கப்படி அப்படியே சட்டைக்குள் விட்டுப் பொத்தான் போட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பேருடைய காயினைத் திறக்கிற மூன்றாவது சாவி ஆறடி மண்ணுக்குக் கீழே போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் நிறுத்தியிருக்க முடியாது, அதனால் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கல்லாவில் இருந்த சில்லறை சீக்கிரமே தீர்ந்தது. ஆப்பில் "தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது" என்று போட்டார்கள். அந்த ஒரு வரி ஊர் ஊராகப் பரவியது. அண்ணன் இருக்கிற கம்பெனி என்று நம்பி அவருடைய ஊரிலேயே பல குடும்பங்கள் போட்டிருந்தன. கரும்பு விற்றவர்கள், துபாயிலிருந்து பிள்ளை அனுப்பியதைப் போட்டவர்கள். அவர்களுக்குச் சென்னை முதலாளியைத் தெரியாது. அண்ணி வீட்டு வாசலைத்தான் தெரியும். வழக்கு கோர்ட்டுக்குப் போய், கல்லறையைத் திறக்கலாம், ஆனால் மனைவி சம்மதிக்க வேண்டும் என்று உத்தரவானது. சம்மதம் வாங்க முதலாளி என்னை அனுப்பினார். "நீங்க லேடீஸ், பேசினா கேப்பாங்க" என்றார்.

அண்ணியை அதுவரை நான் நெருங்கிப் பார்த்ததில்லை. வீட்டில் தேடப் போனபோதும் அவள் உள்ளறையை விட்டு வரவில்லை. என்னைவிட மூத்தவள், ஒல்லியான உடம்பு. கூடத்தில் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நான் ஆரம்பிக்குமுன் அவள் கேட்டாள்.

"நீதான் பாகூர்க்காரியா?"

"ஆமாண்ணி."

"கதவ சாத்திக்கினு நீங்க ரெண்டு பேரும் இன்னா பேசுவீங்க?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை. அடுப்பில் உலை வைத்தாயா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"நான் கதவாண்ட நின்னு கேட்டிருக்கேன். உன் கொரலு கேக்கும். அவரு எஃப்புன்னுவாரு, ஏழுன்னுவாரு, நீயும் அதையே சொல்லுவ. நடுவுல பாகூரு பாகூருன்னுவாரு. புருஷன் பெண்டாட்டி கூட அப்படி ஒருத்தரு சொன்னத ஒருத்தரு திருப்பிச் சொல்லிக்கினு இருக்க மாட்டாங்க. கழுத்துல இன்னாத்த தொங்க விட்டுக்கினு கீறன்னு கேட்டா, தொடாதன்னு கைய தட்டிவுட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு."

சொன்னேன். விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு பேரில் மூன்று பேர், உள்ளேயே இருக்கிற சாவி, பொய் சொல்கிற திரை, எழுத்தெழுத்தாக வாசிப்பது. போனில் பழைய முகவரி ஒன்றை எடுத்து அண்ணன் வாசிப்பதுபோலவே வாசித்துக் காட்டினேன். அவள் போனைக் கையில் வாங்கி அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாண்ணி."

"இத எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?" என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை வருஷத்து அழுகையோ அது. சாவுக்கு அழுதது மாதிரி இல்லை. எனக்கு விதி எழுதியவனை இழுத்துவந்து அங்கே உட்காரவைக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. வெளியாரிடமிருந்து சாவியைக் காக்கத்தான் அத்தனை ஏற்பாடும். கட்டினவளையும் வெளியாள் என்றே எழுதிவைத்திருந்தார்கள்.

அழுது முடித்து, "அத எடுத்தா தொறக்குமா?" என்று கேட்டாள்.

முதலாளி இதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் அதைச் சொல்லவில்லை. "நம்பர் வேணும். யாருக்கும் தெரியாது. மூணு தப்புப் பண்ணா அழிஞ்சிடும்" என்றேன்.

"உனக்கும் சொல்லலியா?"

"சொல்லக் கூடாதுண்ணி."

"உனக்கும் சொல்லல" என்று மறுபடி சொன்னாள். இந்த முறை கேள்வியாக இல்லை. அவள் முகத்தில் லேசாக ஒரு நிம்மதி வந்தது. ஆறுதல் சொல்லப் போன இடத்தில், எனக்கும் தெரியாது என்பதைத் தவிர என்னிடம் வேறு ஆறுதல் இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். உத்தரியத்தை அறுக்கக் கூடாது, பொட்டியை மட்டும் உருவ வேண்டும், தானும் அங்கே இருக்க வேண்டும் என்றாள். "ஊரு வாசல்ல நிக்குது. தொறக்கலன்னாலும் தொறந்து பாத்தாங்கன்னு இருக்கட்டும்."

கல்லறையைத் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். சாமியார் ஜெபம் சொன்னார். தாசில்தார், டாக்டர், போலீஸ், முதலாளியின் கார் எல்லாம் வந்திருந்தன. சுற்றுச்சுவருக்கு வெளியே ஊர் நின்றது. மண்வெட்டிச் சத்தம் மாறியபோது நான் திரும்பிக்கொண்டேன். அண்ணி திரும்பவில்லை. வாசனைக்கும் மூக்கை மூடவில்லை.

டாக்டர் ஒரு தட்டில் அதைக் கொண்டுவந்தார். உருக்கி ஒட்டிய உறைக்குள் ஈரமே இறங்கவில்லை. அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. லேப்டாப்பில் சொருகியதும் குட்டித் திரை வெளிச்சம் போட்டு நம்பர் கேட்டது. முதலாளியின் கண்ணில் ஒரு ஒளி வந்ததைப் பார்த்தேன். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அண்ணனின் பிறந்த நாளை அடித்தார். தப்பு. கல்யாண நாளை அண்ணியிடம் கேட்டு அடித்தார். தப்பு. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, கருவியை அண்ணியிடம் நீட்டினார். "மேடம், ப்ளீஸ், நீங்களே யோசிச்சு அடிங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

அண்ணி கையை நீட்டவில்லை. "எனக்குத் தெரிஞ்ச நம்பரு எதையும் அவரு வெச்சிருக்க மாட்டாரு" என்றாள்.

முதலாளி வேறு எதையோ அடித்தார். திரை அணைந்தது, திரும்பி எரிந்தது. கடையிலிருந்து இப்போதுதான் வாங்கி வந்ததுபோல, புதிய நம்பர் வைக்கச் சொல்லிக் கேட்டது. அவ்வளவுதான். அவர் காருக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். அந்தக் காயின்கள் இப்போதும் அந்த முகவரியிலேயே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நான் சில நாள் எடுத்துப் பார்க்கிறேன். ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றைக்கூட யாராலும் தொட முடியாது.

அண்ணி என் பக்கத்தில் வந்து, "இப்ப அதுல ஒண்ணியும் இல்லியா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லண்ணி."

"அவரோட நம்பரு?"

"அதுவும் போயிடுச்சு."

"அப்ப அத குடு. இத்தினி நாளு அவரு மேல இருந்தது."

நான் எடுத்து அவள் கையில் வைக்கப் போனேன். போலீஸ்காரர் குறுக்கே வந்தார். நல்ல மனுஷர்தான், தயங்கித்தான் சொன்னார். "கோர்ட்டு சொத்துங்கம்மா. சீல் வெச்சி ஒப்படைக்கணும்." அவர் கருவியை ஒரு கவரில் போட்டு, வாயை ஒட்டி, அரக்கு வைத்தார். அண்ணி நீட்டிய கையை மடக்கவில்லை. மடக்க மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். உள்ளே குழியை மூடத் தொடங்கியிருந்தார்கள்.

எடுத்ததற்கும் சீல் வைத்ததற்கும் மகஜர், அதாவது சாட்சி வைத்து எழுதும் அறிக்கை, எழுதினார்கள். சாட்சி வேண்டும் என்று தாசில்தார் சுற்றிப் பார்த்தார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். வாசித்துப் பார்த்தேன், ஒரு வரி விடாமல். பிறகு கையெழுத்துப் போட்டேன். தாசில்தார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணி அந்தப் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கு மட்டும் ஒருத்தி கையெழுத்து போதுமா?" என்றாள்.